எல்லாவற்றுக்கும் 200 டிகிரியா? ஏர் ஃப்ரையர் பக்கத்துக்கு வேலூரிலிருந்து ஒரு பதில்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் பத்தே நிமிடத்தில் காலை டிபன் என்று ஏர் ஃப்ரையரைப் பற்றி ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள். பப்ஸ், குரோசான்ட் (பிறை வடிவ அடுக்கு ரொட்டி), டேனிஷ், சிக்கன் ரோல் எதுவானாலும் சரி, ஃப்ரீசரிலிருந்து எடுத்து 200 டிகிரியில் பத்து நிமிடம் வைத்தால் பேக்கரியில் வாங்கியது போலவே வந்துவிடும், எண்ணெயே கிடையாது, உடம்புக்கும் நல்லது என்று எழுதியிருந்தார்கள். எழுதியவர் அதில் ஒன்றையாவது செய்து பார்த்திருப்பாரா என்று எனக்குச் சந்தேகம். ஏனென்றால் அதே பக்கத்தில் கீழே ஒரு குறிப்பில் 350 டிகிரி என்று அச்சாகியிருக்கிறது. நம் வீடுகளில் இருக்கும் ஏர் ஃப்ரையர் பெரும்பாலும் 200-ஓடு நின்றுவிடும். 350 என்பது அமெரிக்கக்காரர்களின் ஃபாரன்ஹீட் கணக்கு, செல்சியஸில் அது 177. எங்கிருந்தோ எடுத்து அப்படியே இறக்கியிருக்கிறார்கள், கணக்கை மாற்றக்கூட இல்லை.

நான் வேலூரில் ஒரு சின்ன லாட்ஜ் நடத்துகிறேன். சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வைத்தியத்துக்கு வருகிறவர்கள்தான் எங்களுக்கு வாடிக்கை. மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், அசாம், வங்கதேசம் என்று எங்கிருந்தெல்லாமோ வருவார்கள், ஒரு வாரம் என்று வந்தவர்கள் ஒரு மாதம் தங்குவார்கள். விடிவதற்கு முன்னால் ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு கிளம்பிப் போவார்கள், ரத்தம் கொடுத்த கையோடு ஏதாவது சாப்பிட வேண்டும், வெளியே வரிசையை விட்டு நகரவும் முடியாது. இட்லியும் சாம்பாரும் பொட்டலம் கட்டிக் கொடுத்தால் மூன்று நாள் சாப்பிடுவார்கள், நாலாம் நாள் "தீதி (அக்கா), வேறே ஏதாவது?" என்று தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். அப்படித்தான் எங்கள் சமையலறைக்கு ஃப்ரோசன் பப்ஸும் குரோசானும் ஏர் ஃப்ரையரும் வந்தன. காலை ஐந்து மணிக்கு அடுப்பில் எண்ணெய் காய வைக்காமல், ஆளுக்கு ஒன்று காகிதத்தில் சுற்றிக் கையில் கொடுத்துவிடலாம். இதை ஏர் ஃப்ரையர் வேண்டாம் என்று சொல்வதற்காக எழுதவில்லை, அது நல்ல சாமான்தான். உங்கள் பக்கத்தை நம்பி ஒரு பாக்கெட்டை வீணாக்கிவிட்டு, இந்த மிஷினே சரியில்லை என்று பரணில் தூக்கிப் போடப்போகிற ஆட்களுக்காக எழுதுகிறேன்.

முதலில், அந்தப் பாக்கெட்டுக்குள் இருப்பது எல்லாம் ஒரே சரக்கு இல்லை. அதைத்தான் உங்கள் பக்கம் சொல்லவே இல்லை.

பப்ஸ் மாவில் ஈஸ்ட் கிடையாது. மைதா மாவைத் தேய்த்து நடுவில் வெண்ணெயோ மார்ஜரினோ வைத்து மடித்து, மறுபடி தேய்த்து, மறுபடி மடித்து வைப்பார்கள். மூன்று மடிப்பாக ஆறு தரம் மடித்தால் கணக்குப்படி 729 அடுக்கு. சூடு பட்டதும் மாவிலும் வெண்ணெயிலும் இருக்கிற தண்ணீர் ஆவியாகும். தண்ணீர் ஆவியானால் 1,600 மடங்குக்கு மேல் விரியும், அந்த ஆவிதான் அடுக்கை அடுக்கிலிருந்து தள்ளித் தூக்குகிறது, வேறு மந்திரம் எதுவும் இல்லை. அதனால் பப்ஸைக் கல்லாக உறைந்தபடியே மிஷினுக்குள் வைக்கலாம், வைக்கவும் வேண்டும். வெளியே வைத்து இளக விட்டால் வெண்ணெய் மாவோடு கலந்துவிடும், அப்புறம் அடுக்கு எங்கே பிரியும்?

குரோசான்ட் வேறு. அதிலும் இதே மடிப்பு உண்டு, ஆனால் மாவில் ஈஸ்ட் இருக்கிறது. ஃப்ரோசன் குரோசான்ட் கடையில் மூன்று விதமாகக் கிடைக்கிறது. ஒன்று பச்சை மாவு, அதை இளக வைத்து, இரண்டு மடங்கு உப்ப விட்டுத்தான் சுட வேண்டும். இன்னொன்று ஏற்கெனவே உப்ப விட்டு உறைய வைத்தது, அது நேராகப் போகலாம். மூன்றாவது முக்கால்வாசியோ முழுவதுமோ சுட்டு உறைய வைத்தது, அதற்குச் சூடு காட்டினால் போதும். மூன்றும் பார்க்க ஒரே மாதிரிப் பெட்டி, ஒரே மாதிரிப் படம். முதல் வகையை 200-ல் பத்து நிமிடம் வைத்தால் என்ன வரும் தெரியுமா? உள்ளங்கை அகலத்தில் பழுப்பாக ஒரு கட்டி வரும். அமெரிக்காவில் காலையில் டோஸ்டரில் போட்டுச் சாப்பிடவென்றே 1980-களிலிருந்து டோஸ்டர் ஸ்ட்ரூடல் என்று ஒரு ஃப்ரோசன் பண்டம் விற்கிறார்கள், உள்ளே பழ ஜாம், மேலே ஊற்றிக்கொள்ள ஒரு சின்னப் பையில் சர்க்கரைப் பாகு. அது சூடு காட்டினாலே தயாராகிவிடுகிற பண்டம். உங்கள் பக்கத்தில் வந்த பத்து நிமிடமும் 350 டிகிரியும் அந்த மாதிரிப் பண்டத்துக்குச் சொன்னதாக இருக்கும் என்று நினைக்கிறேன். அதை எடுத்து, பச்சை மாவாக விற்கிற பப்ஸுக்குப் பொருத்தினால் எப்படி?

200 டிகிரி ஏன் கூடாது என்று கேட்டால், ஏர் ஃப்ரையரின் அமைப்பு அப்படி. மேலே சுருளாக ஒரு ஹீட்டர், அதற்கு மேலே ஒரு ஃபேன், கீழே ஓட்டை போட்ட கூடை. ஃபேன் சூட்டைக் கீழே தள்ளிச் சுழற்றுகிறது. 2010-ல் பிலிப்ஸ் கொண்டுவந்ததிலிருந்து இன்று வரை வந்த பெரும்பாலான மாடலுக்கு அடிப்படை இதுதான், டிஜிட்டல் பட்டன், ஜன்னல் மாதிரி விஷயங்கள்தான் புதுசு. பெரிய 'அவன்' (oven) அடுப்பில் ஹீட்டர் தூரத்தில் இருக்கும், இதில் பண்டத்தின் தலைக்கு நேர் மேலே நாலு விரல்கடைதான். உறைந்த பப்ஸை 200-ல் வைத்தால் ஆறேழு நிமிடத்தில் மேல்பக்கம் சிவந்துவிடும், ஓடு இறுகிவிடும். உள்ளே அப்போதுதான் ஐஸ் இளக ஆரம்பித்திருக்கும். ஓடு இறுகிய பிறகு உள்ளே வரும் ஆவிக்குத் தூக்க இடமில்லை. எங்கள் சமையல் அக்கா அப்படி ஒன்றை இரண்டாகப் பிய்த்துக் காட்டி, "இன்னாம்மா இது, மேலே கருகிப் போச்சு, உள்ளே அப்படியே கீது" என்றார். மேலே இரண்டு மூன்று அடுக்கு மட்டும் மொறுமொறு என்று உதிர்ந்தது. அதற்குக் கீழே அடுக்கெல்லாம் நனைந்த நோட்டுப் புத்தகத்தின் தாள்கள் மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பச்சை மாவு வாடையோடு, நடுவில் உருளைக்கிழங்கு மசாலா சில்லென்று இருந்தது. இதைச் சாப்பிட்டுவிட்டு ஒரு நோயாளி ஆஸ்பத்திரி வரிசையில் போய் நிற்பதை நினைத்துப் பாருங்கள்.

எங்கள் சமையலறையில் இப்போது நடப்பது இதுதான். மிஷினை முதலில் மூன்று நிமிடம் வெறுமனே ஓட விடுவோம். பப்ஸை இடைவெளி விட்டு வைப்போம், காற்று நாலு பக்கமும் போக வேண்டும், ஒன்றின் மேல் ஒன்று கூடவே கூடாது. 160-ல் பன்னிரண்டு நிமிடம். அதற்குள் உள்ளே இளகி, உப்பி எழுந்துவிடும், நிறம் மட்டும் வெளிறித்தான் இருக்கும், பயப்பட வேண்டாம். பிறகு மெதுவாகத் திருப்பிப் போட்டு 180-ல் நாலு நிமிடம். திருப்புவது முக்கியம், அடிப்பக்கம்தான் கடைசி வரை ஈரமாக இருக்கும். எடுத்ததும் உடனே காகிதத்தில் சுற்றாமல் கம்பித் தட்டில் இரண்டு மூன்று நிமிடம் ஆற விட வேண்டும், இல்லாவிட்டால் அதன் ஆவியிலேயே அது நமுத்துவிடும். சிக்கன் பப்ஸ் என்றால் நடுவில் கத்தி முனையைக் குத்தி எடுத்து விரலில் வைத்துப் பாருங்கள், சுட வேண்டும். வெதுவெதுப்பு போதாது, நடுப்பகுதி 75 டிகிரியாவது தொட்டிருக்க வேண்டும். உப்ப விட்டு உறைய வைத்த சின்னக் குரோசான்ட் 160-ல் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் ஆகிவிடும், பெரியது பதினைந்து வரை போகும். மிஷினுக்கு மிஷின் ஐந்து பத்து டிகிரி வித்தியாசம் உண்டு, முதல் தடவை ஒன்றே ஒன்றை வைத்துப் பார்த்துவிட்டு மற்றதை வையுங்கள்.

பட்டர் பேப்பர் விஷயம் ஒன்று. வெறும் பேப்பரைக் கூடையில் விரித்து மிஷினைச் சூடாக்காதீர்கள், ஃபேன் அதை மேலே உறிஞ்சி ஹீட்டரில் ஒட்டிவிடும், கருகும், தீயும் பிடிக்கலாம். பேப்பரின் மேல் பண்டத்தை வைத்தே உள்ளே வையுங்கள், அதுவும் பண்டத்தின் அளவுக்குத்தான் பேப்பர். பப்ஸின் மேல் அடுக்கு லேசாக இருந்தால் அதையும் காற்று பிய்த்துக்கொண்டு பறக்கும், ஒரு பல்குச்சியைக் குத்தி வைத்தால் நிற்கும். நிறமும் பொன்னிறத்தோடு நிறுத்திவிடுங்கள். மாவுப் பண்டத்தை 120 டிகிரிக்கு மேலே சுடும்போது அக்ரிலமைடு என்று உடம்புக்கு ஆகாத ஒரு ரசாயனம் உண்டாகிறது, 2002-ல் ஸ்வீடன்காரர்கள் கண்டுபிடித்துச் சொன்னது. கருகக் கருக அது கூடும். பயந்து சாக வேண்டியதில்லை, கருகிய இடத்தைச் சுரண்டி எறிந்தால் போதும்.

இனி வேலூர் சங்கதிக்கு வருகிறேன். இதற்காகத்தான் முக்கியமாக எழுத உட்கார்ந்தேன்.

பச்சை மாவுக் குரோசான்ட் பெட்டியில் இங்கிலீஷில் ஒரு வரி இருக்கும். அறை வெப்பத்தில் ராத்திரி முழுவதும் வைத்து உப்ப விடுங்கள் என்று. எந்த ஊர் அறை வெப்பம்? வெண்ணெய் 32-லிருந்து 35 டிகிரிக்குள் உருகிவிடும். குரோசான்ட் உப்ப வைக்கிற இடம் 26, 27 டிகிரியைத் தாண்டக் கூடாது என்று பேக்கரித் தொழில் தெரிந்தவர்கள் சொல்வார்கள். நம் ஊரில் கத்திரி வெயிலில் பகல் 40-ஐத் தாண்டும், மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் சமையலறையில் ராத்திரி பதினோரு மணிக்குச் சுவரைத் தொட்டால் சுடும். அங்கே குரோசானை வைத்துவிட்டுப் படுத்தால் காலையில் தட்டில் வெண்ணெய் குளமாக நிற்கும், மாவு அதில் சப்பென்று படுத்திருக்கும். பிறகு அதை ஏர் ஃப்ரையரில் எத்தனை டிகிரியில் வைத்தால் என்ன, அடுக்கு போனது போனதுதான். வெண்ணெய் கூடையின் ஓட்டை வழியாகக் கீழே சொட்டிப் புகையும், வீடெல்லாம் வாடை.

இதற்கு வழி உண்டு. முதல் நாள் ராத்திரி ஃப்ரீசரிலிருந்து எடுத்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் மூடி வைத்துவிட வேண்டும். அங்கே மெதுவாக இளகும், கெடாது. விடியற்காலை நாலு மணிக்கு எடுத்து, வீட்டிலேயே குளிர்ச்சியான மூலையில் ஒன்றரை இரண்டு மணி நேரம் வைக்கலாம். ஏ.சி. ஓடிய அறை இருந்தால் இன்னும் நல்லது. தட்டை லேசாக ஆட்டினால் குரோசான்ட் தளதளவென்று ஆட வேண்டும், அப்போதுதான் தயார். மார்கழியில் வேலூர் விடியற்காலை நன்றாகக் குளிரும், அப்போது இதே மாவு கூடுதலாக ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்ளும். சித்திரை வைகாசியில் நாங்கள் பச்சை மாவுக் குரோசான்ட் வாங்குவதையே நிறுத்திவிடுவோம். பப்ஸ் மட்டும்தான், அல்லது உப்பி உறைந்த வகை. எங்கள் வெயிலோடு வெண்ணெய் போட்டியிட முடியாது.

வாங்கும் இடத்திலேயே பாதி விஷயம் முடிந்துவிடுகிறது. உறைந்த பண்டம் தொழிற்சாலையிலிருந்து நம் வீடு வரை மைனஸ் 18 டிகிரியில் இருக்க வேண்டும் என்பது கணக்கு. எங்கள் பக்கத்தில் ஒரு கடை, பெயர் வேண்டாம், ராத்திரி ஷட்டரை இறக்கும்போது ஃப்ரீசர் ஸ்விட்சையும் அணைத்துவிட்டுப் போவார்கள், கரண்ட் பில் மிச்சமாம். காலையில் மறுபடி போடுவார்கள். அப்படி இளகி இறுகிய பாக்கெட்டைக் கண்டுபிடிப்பது சுலபம். கவரை ஆட்டிப் பாருங்கள். பப்ஸ் தனித்தனியாகக் கடகடவென்று ஆட வேண்டும். ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாக இருந்தாலோ, கவருக்குள் பொடி ஐஸ் கொட்டிக் கிடந்தாலோ, ஒரு பக்கமாகச் சரிந்து மூலை மழுங்கியிருந்தாலோ, சொல்லாமல் கீழே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். தள்ளுபடியில் கொடுத்தாலும் வேண்டாம். சிக்கன் வைத்தது என்றால் இது ருசிப் பிரச்சினை மட்டும் இல்லை, வயிற்றுப் பிரச்சினையும்தான். நல்ல சரக்காகவே வாங்கினாலும் மத்தியானம் காட்பாடியில் வாங்கி, ஸ்கூட்டர் முன்னால் மாட்டிக்கொண்டு, பாலத்து நெரிசலில் நின்று, பாகாயத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் அது பாதி இளகிவிடும். மற்ற சாமான் எல்லாம் எடுத்து முடித்து பில் போடப் போகும்போது கடைசியாக ஃப்ரீசர் பக்கம் போங்கள், வீட்டிலிருந்து ஒரு தெர்மோகோல் பெட்டியோ கெட்டிப் பையோ கொண்டு போங்கள். இளகியதை மறுபடி ஃப்ரீசரில் வைக்காமல் அன்றைக்கே சுட்டுவிடுங்கள். பழைய ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் மேல்பெட்டியில் மாதக்கணக்கில் வைக்கிற எண்ணமும் வேண்டாம், அது மைனஸ் 18-ஐத் தொடுவது சந்தேகம்தான், ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடலாம்.

அப்புறம் கரண்ட். இதை எந்தச் சமையல் குறிப்பிலும் எழுதுவதில்லை. ஏர் ஃப்ரையர் 1,200-லிருந்து 1,700 வாட் வரை இழுக்கும். 230 வோல்ட்டில் 6 ஆம்பியர் பிளக் தாங்குவது 1,380 வாட்தான். அதனால்தான் பல மிஷின்களுக்குத் தடித்த முள் வைத்த 16 ஆம்பியர் பிளக் வருகிறது. நம் ஆட்கள் என்ன செய்வார்கள், நாற்பது ரூபாய்க்கு ஒரு கன்வர்ஷன் பிளக் வாங்கி, மிக்சி போடுகிற பாயின்ட்டில் சொருகுவார்கள். கொசப்பேட்டையில் எங்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அந்த பாயின்ட் மஞ்சளாகி, பிறகு கருப்பாகி, ஒரு நாள் உருகி வழிந்தே விட்டது. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஒரு பவர் பாயின்ட் போட்டுக்கொள்ளுங்கள். கிரைண்டரும் கீசரும் அதே லைனில் ஓடும்போது இதைப் போடாதீர்கள். இன்வெர்ட்டரில் போடவே போடாதீர்கள், வீட்டு இன்வெர்ட்டர் ஃபேனுக்கும் லைட்டுக்கும்தான்.

வோல்டேஜ் குறைந்தால் இன்னொரு கதை. கோடையில் ஊரெல்லாம் ஏ.சி. ஓடும் நேரத்தில் எங்கள் தெருவில் 190 வரை இறங்கும், ஸ்டெபிலைசரில் முள் காட்டும். 230-க்குச் செய்த 1,500 வாட் மிஷின் 190-ல் ஏறக்குறைய 1,000 வாட்தான் கொடுக்கும். வோல்டேஜ் ஆறில் ஒரு பங்கு குறைந்தால் சூடு மூன்றில் ஒரு பங்கு குறைகிறது, ஹீட்டர் கணக்கு அப்படி. டயலில் 180 என்று இருக்கும், உள்ளே 180-க்கு ஏறவே நேரமாகும், நிமிடக் கணக்கு மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். நேற்று நன்றாக வந்த பப்ஸ் இன்று பச்சையாக வந்தால் பாக்கெட்டைத் திட்டுவதற்கு முன் வோல்டேஜைப் பாருங்கள். விடியற்காலையில் பெரும்பாலும் சரியாக இருக்கும், சாயங்காலம் ஏழு மணிக்கு மேல்தான் தகராறு. செலவு பெரிதில்லை, இருபது நிமிடம் முழுச் சூட்டில் ஓடினாலும் அரை யூனிட்தான். (எங்களுக்குக் கமர்ஷியல் ரேட், வீடுகளுக்குக் கிடைக்கும் இலவச யூனிட் எங்களுக்குக் கிடையாது, அதையும் இங்கே சொல்லி ஆதங்கப்பட்டுக்கொள்கிறேன்.)

எண்ணெயே இல்லை, ஆரோக்கியம் என்று எழுதியிருந்தீர்களே, அதைப் பற்றி இரண்டு வார்த்தை. நாம் ஊற்றாவிட்டாலும் மாவுக்குள் மடித்து வைத்திருப்பது கொழுப்புதான். பப்ஸ், குரோசான்ட் எடையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு கொழுப்பு, சிலவற்றில் அதற்கு மேலும். ஏர் ஃப்ரையர் அதைக் குறைப்பதில்லை. ஃப்ரோசன் சமோசா, உருளைக்கிழங்கு ஃபிங்கர் மாதிரி எண்ணெயில் போட வேண்டியவற்றில்தான் இந்த மிஷினால் உண்மையான லாபம். சர்க்கரை நோயாளி ஒருவர் உங்கள் பக்கத்தைப் படித்துவிட்டு, ஆவியில் வேக வைத்த இட்லியை விட்டு, தினமும் குரோசான்ட் சாப்பிட ஆரம்பித்தால் யார் பொறுப்பு? இதயத்துக்குக் கெடுதலான டிரான்ஸ் கொழுப்பு எண்ணெயில் 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2022 ஜனவரியிலிருந்து சட்டம் இருக்கிறது, அது வரைக்கும் நல்லது. பாக்கெட்டின் பின்னால் வெண்ணெய் என்று இருக்கிறதா, தாவரக் கொழுப்பு என்று இருக்கிறதா பாருங்கள். முன்பக்கப் படத்தில் வெண்ணெய்க் கட்டி இருப்பது அத்தாட்சி இல்லை.

பேக்கரியில் சாயங்காலம் வாங்கி மிஞ்சிப் போன பப்ஸுக்கு ஏர் ஃப்ரையர் நல்ல துணை, இதை யாரும் எழுதக் காணோம். மைக்ரோவேவில் வைத்தால் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி அடுக்கெல்லாம் துணி மாதிரி ஆகிவிடும். ஏர் ஃப்ரையரில் 150-ல் நாலைந்து நிமிடம், மேலே உலர்ந்து மொறுமொறுப்பு திரும்பி வரும். எக் பப்ஸை மட்டும் ராத்திரி ஃப்ரிட்ஜில் வைத்ததாக இருந்தால்தான் மறுநாள் தொடுங்கள்.

இனி என் குறை. எங்கள் சமையல் அக்காவுக்குத் தமிழ் நன்றாகப் படிக்க வரும், உங்கள் பேப்பரை முதலில் பிரிப்பதே அவர்தான். இங்கிலீஷ் வராது. ஆனால் வேலூர் கடையில் விற்கும் இந்தப் பாக்கெட்டுகளில் எப்படிச் செய்வது என்பது கடுகு அளவு எழுத்தில் இங்கிலீஷில் மட்டும்தான் இருக்கிறது, அதுவும் பெரிய அவன் அடுப்புக்கு. ஏர் ஃப்ரையருக்கு எத்தனை, எடுத்ததும் வைப்பதா, உப்ப விட்டு வைப்பதா, ஒன்றும் இல்லை. சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தேன். உணவுப் பொருள் லேபிள் பற்றிய 2020-ஆம் ஆண்டு விதிகளின்படி விவரங்கள் இங்கிலீஷிலோ தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ இருந்தால் போதும். வேறு மொழி கூடுதலாகப் போட்டுக்கொள்ளலாம், கட்டாயம் இல்லை. சரியாகப் பயன்படுத்துவதற்குச் செய்முறை அவசியம் என்றால் அதையும் லேபிளில் போட வேண்டும் என்று அதே விதிகளில் இருக்கிறது. செய்கிறவருக்குப் புரியாத மொழியில் போட்ட செய்முறை இருந்தென்ன, இல்லாமல் போனாலென்ன? பாக்கெட்டைக் கையில் எடுக்கிறவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்மணி, இல்லை எங்கள் அக்கா மாதிரி ஒருவர். ஷாம்பூ பாக்கெட்டிலும் சோப்புத்தூள் பாக்கெட்டிலும் தமிழ் போடத் தெரிந்த கம்பெனிகளுக்கு இதில் நாலு வரி போட இடமில்லையா?

ஆகவே நான் கேட்பது இரண்டு. தமிழ்நாட்டில் விற்கிற ஃப்ரோசன் பண்டங்களில், குறைந்தது செய்முறையும் சேமிப்பு வெப்பமும் தமிழில் இருக்க வேண்டும் என்று நீங்கள் ஒரு செய்தி போடுங்கள், உணவுப் பாதுகாப்புத் துறையிடம் கருத்து கேட்டே போடுங்கள். இரண்டாவது, உங்கள் இணைப்பில் சமையல் குறிப்பு வரும்போது, அதை இங்கே ஒரு வீட்டில், இங்கே இருக்கிற கரண்ட்டில், ஒரு முறை செய்து பார்த்த பிறகு அச்சுக்கு அனுப்புங்கள். சென்னையில் ஏ.சி. அறையில் செய்து பார்த்தால் கணக்கில் சேராது, மே மாதத்தில் ஆள் அனுப்புங்கள், எங்கள் சமையலறையிலேயே செய்து பார்க்கட்டும்.

அது வரைக்கும் எங்கள் சுவரில் அக்கா தன் கையெழுத்தில் எழுதி ஒட்டியிருக்கும் தாளை அப்படியே தருகிறேன், வேண்டுமானால் போட்டுக்கொள்ளுங்கள்:

"பப்ஸ் – பெட்டியிலிருந்து நேரா. 160-ல் 12. திருப்பு. 180-ல் 4. ஆற வை.
சின்ன குரோசான் (உப்பினது) – நேரா. 160-ல் 10, பார்த்துட்டு இன்னும் 2.
பெரிய குரோசான் (மாவு) – ராத்திரியே கீழ்த்தட்டு. நாலு மணிக்கு வெளியே. ஆடணும். அப்புறம் 160-ல் 15. வெயில் காலத்தில் வேணாம்.
சிக்கன் – குத்திப் பார்.
சிவப்பு பிளக்கில் மட்டும் போடு."

சிவப்பு பிளக் என்பது எங்கள் பவர் பாயின்ட், மேலே சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருக்கிறோம்.

கடைசியாக ஒன்று. உங்கள் பக்கத்தில் ஃப்ரோசன் பரோட்டாவையும் ஏர் ஃப்ரையரில் வைக்கச் சொல்லியிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம், அப்பளமாகிவிடும், சால்னாவில் ஊறவே ஊறாது. அதற்கு தோசைக்கல்தான்.

இப்படிக்கு,
லாட்ஜ் நடத்தும் ஒரு வாசகி,
வேலூர்.